சாயங்காலம் ஆனா ஆத்தா "வீட்டுக்குப் போறேன்"னு கெளம்புறாக, 57 வருஷமா இருக்குறதே இந்த வீடுதான்

பள்ளத்தூர்ப் பையன்:

ரொம்ப நாளா இங்க படிச்சிட்டுப் போறதோட சரி, எழுதுறது இதான் மொதத் தடவை. மணி ராத்திரி ஒன்றரை, ஆத்தா இப்பத்தான் படுத்தாக, கோர்வையா இல்லாட்டி பொறுத்துக்கங்க.

எங்க ஆத்தாவுக்கு, அதான் பெத்த அம்மாவுக்கு, 76 வயசு. கொத்தமங்கலத்துல பொறந்து 19 வயசுல கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்தாக. எங்க அப்பச்சி, அதான் அப்பா, தவறி 9 வருஷமாச்சு. நான் சென்னையில வேலையில இருந்தேன், இப்ப வீட்டுல இருந்தே பாக்குறேன்னு கேட்டு வாங்கிட்டு ஊரோட வந்துட்டேன், பெண்டாட்டி பிள்ளைக படிப்புக்காக அங்கயே இருக்காக.

மூணு வருஷம் முன்னாடி பிள்ளையார் நோன்புலதான் மொதல்ல ஏதோ சரியில்லைன்னு பட்டுச்சு. 21 நூல் இழை எண்ணித் திரி போடணும்ல, பங்காளி வீட்டுக்கெல்லாம் இழை எடுக்குறதச் சொல்லிக் குடுக்குற ஆளு, அன்னிக்கு 12, 13 வரைக்கும் எண்ணுறாக, நிப்பாட்டுறாக, திருப்பி ஒண்ணுலேர்ந்து ஆரம்பிக்கிறாக. நாங்க எல்லாம் சிரிச்சோம். அதுதான் இப்ப நெனச்சா ஒரு மாதிரியா இருக்கு.

அப்பறம் சாமான் காணோம் காணோம்னு ஆரம்பிச்சுச்சு. 22 வருஷமா எங்க வீட்டுல வேலை பாத்த அக்காவ சங்கிலிய எடுத்துட்டான்னு நாலு பேரு முன்னாடி சொல்லிட்டாக, அந்த அக்கா அழுதுக்கிட்டே நின்னுருச்சு, சங்கிலி மறுவாரம் உப்பு ஜாடிக்குள்ள கெடந்துச்சு. மதுரையில ஒரு பெரிய ஆஸ்பத்திரியில காட்டுனோம். எம்.ஆர்.ஐ., பி12, தைராய்டு எல்லாம் பாத்துட்டு அல்சைமர்ங்குற மறதி நோய்னு சொல்லி டொனெபெசில்னு ஒரு மாத்திரை 5 மில்லிகிராம் எழுதிக் குடுத்தாக. எட்டு நிமிஷம்கூட பேசல. வெளிய வரும்போது ஒரு நோட்டீஸ் குடுத்தாக, "நபர் மையப் பராமரிப்பு"ன்னு தலைப்பு. ஒண்ணும் வெளங்கல. 24 மணி நேரமும் அவுகதான் இங்க மையம், அதுக்கு மேல என்ன மையம்.

இப்ப பெரச்சனை என்னன்னா அஞ்சு மணி ஆனா போதும், ரெண்டு சேலைய மஞ்சப்பையில சுருட்டி வச்சுக்கிட்டு முகப்புல வந்து நின்னுக்கிட்டு "நான் வீட்டுக்குப் போகணும், அப்பச்சி தேடுவாக"ன்னு சொல்றாக. இதான் ஆத்தா உங்க வீடுன்னா கோவம் வருது. அவுக அப்பச்சி போயி 40 வருஷமாச்சு, ஒரு நாள் அதைச் சொல்லிட்டேன், இப்பத்தான் சேதி வந்த மாதிரி ஒப்பாரி வச்சு அழுதாக, மறுநாள் அதே கேள்வி.

இன்னொண்ணு, பாத்ரூம் பின்கட்டுல இருக்கு. வளவு (நடு முத்தம் இருக்குற கட்டு) வரைக்கும் நல்லா வருவாக, அப்பறம் நின்னுருவாக, காலை எடுத்து வைக்கவே மாட்டாக, அப்படியே சேலையோட போயிரும். கையப் புடிச்சு இழுத்தா அடிக்க வாறாக. வீம்பு பண்றாகன்னு நெனச்சு நானும் ஒரு நாள் கத்திட்டேன். ராத்திரி முகப்புல இருக்குற பெல்ஜியம் கண்ணாடிகிட்ட நின்னு "யாருடி நீ, எந்த ஊரு"ன்னு வையுறாக.

எங்க ஆச்சி, கூடப் பொறந்த அக்கா, கோயமுத்தூர்ல இருக்காக, தெனம் போன்ல பத்து நிமிஷம் பேசிட்டு "ஆத்தா நல்லாத்தானே பேசுது, நீதான் பெருசு பண்றே"ங்குறாக. போன்ல மட்டும் எப்படித்தான் அவ்வளவு தெளிவா பேசுறாகளோ, சத்தியமா புரியல.

இதெல்லாம் பாத்தவங்க யாராச்சும் சொல்லுங்க. பொய் சொல்லிச் சமாளிக்கலாமா? அந்த மாத்திரையில ஏதாச்சும் பிரயோஜனம் உண்டா?

மூலிகை மணி:

தம்பி, இதுக்குப் போயி இங்கிலீஷ் மாத்திரையா. அத மொதல்ல நிப்பாட்டுங்க. வல்லாரைய நெய்யில வதக்கி 48 நாள் குடுங்க, எண்ணிக்கை தன்னால வரும். வயசானா மறதி எல்லாருக்கும் வர்றதுதான், இதுக்கெல்லாம் பேரு வச்சு பயமுறுத்துறாக.

நைட் டூட்டி:

மணி ஐயா, வல்லாரைத் தொவையல் தாராளமா சாப்புடட்டும், நானும் சாப்புடுறேன், ஆனா டாக்டரக் கேக்காம மாத்திரைய நிப்பாட்டச் சொல்லாதீங்க. வயசானா எல்லாருக்கும் வர்றதும் இல்ல. 2023-ல நம்ம நாட்டு அளவுல ஆய்வு பண்ணிச் சொன்ன கணக்கு 60 வயசுக்கு மேல 100 பேருல 7.4 பேருக்குத்தான் டிமென்ஷியா, அதாவது அல்சைமர் மாதிரி மறதி நோவு, கிட்டத்தட்ட 88 லட்சம் பேரு. மிச்ச 92 பேருக்கும் வயசு ஆகத்தானே செய்யுது. சாவிய எங்க வச்சேன்னு மறக்குறது வயசு, சாவி எதுக்குன்னே தெரியாம கையில வச்சுக்கிட்டு நிக்கிறது வேற.

பள்ளத்தூர் அண்ணே, நான் நர்ஸு, முதியோர் வார்டுல 11 வருஷம். ஒண்ணொண்ணா சொல்றேன், வரிசை மாறினா கண்டுக்காதீங்க.

மாத்திரை: குணமாக்காது. சில பேருக்கு கொஞ்ச காலம் எறங்குற வேகத்தக் கொறைக்கும், சில பேருக்கு ஒண்ணும் தெரியாது. நாடித் துடிப்பு கொறையுதா, வயித்தால போகுதா, பசியில்லையான்னு பாருங்க, இருந்தா டாக்டர்கிட்ட சொல்லணும். ராத்திரி குடுத்து கெட்ட கனவு வந்து எந்திரிக்கிறாகன்னா காலையில மாத்தலாமான்னு கேளுங்க, நெறைய பேருக்கு அதுலயே தூக்கம் சரியாயிருக்கு.

இத முக்கியமா படிங்க. அல்சைமர் மெள்ள மெள்ளத்தான் எறங்கும். ரெண்டு நாள்ல திடீர்னு தலைகீழா மாறுனா அது அந்த நோய் இல்ல. யூரின் இன்பெக்‌ஷனா இருக்கலாம், மலச்சிக்கல், உடம்புல தண்ணி கொறஞ்சது, சோடியம் எறங்குனது, இல்லாட்டி கடையில சும்மா வாங்கிக் குடுத்த சளி மருந்து. பழைய சளி மாத்திரை, தூக்க மாத்திரை இதெல்லாம் இவுக மூளைய இன்னும் கொழப்பும். எங்க வார்டுக்கு "முத்திருச்சு"ன்னு கூட்டிட்டு வந்து யூரினுக்கு ஆன்டிபயாடிக் குடுத்ததும் பேரன் பேரச் சொன்ன ஆத்தாக்களைப் பாத்துருக்கேன். அதே மாதிரி இல்லாத கொழந்தைக, நாய் எல்லாம் கண்ணுக்குத் தெரியுதுன்னு சொல்லி, கை வெறச்சு, காலை இழுத்து நடந்தா டாக்டர்கிட்ட மறக்காம சொல்லுங்க, அது லூயி பாடின்னு வேற வகையா இருக்கலாம், அவுகளுக்கு அடக்குறதுக்குன்னு குடுக்குற சில மாத்திரை ரொம்ப ஆபத்தாயிரும்.

அந்த வேலைக்கார அக்காகிட்ட ஒரு தடவை நேர்ல போயி சொல்லுங்கண்ணே, அது ஆத்தா சொன்னதில்லை, நோவு சொன்னதுன்னு. அல்சைமர்ங்கிற டாக்டர் 1901-ல பிராங்பர்ட் ஆஸ்பத்திரியில மொதல்ல பாத்த அம்மாவுக்கு 51 வயசுதான், அவுகளுக்கும் மறதிக்கு முன்னாடியே வெளிய தெரிஞ்சது புருஷன் மேல சந்தேகம். வச்ச எடம் மறந்துபோகுது, மறந்தோம்ங்குறதும் மறந்துபோகுது, அப்ப மூளைக்கு மிச்சம் இருக்குற ஒரே நியாயம் "எவனோ எடுத்துட்டான்".

போன்ல நல்லா பேசுறதும் அப்படித்தான். சாப்டியா, மழையா, பிள்ளைக எப்படின்னு வாழ்நாள் பூரா பேசுன பேச்சு, அது தன்னால வரும். உங்க ஆச்சிய பத்து நாள் வந்து தங்கச் சொல்லுங்க, ஒரு சாயங்காலம் பாத்தா போதும்.

நோட்டீஸ் பத்தி நாளைக்கு எழுதுறேன், டூட்டிக்கு நேரமாச்சு.

கொட்டான்:

தம்பி, எனக்கு தேவகோட்டை. எங்க அப்பச்சிய ஏழு வருஷம் பாத்தேன், போன வருஷம்தான் தவறுனாக. ஒண்ணே ஒண்ணு கேக்குறேன், உங்க வளவுல தரைக்குப் போட்டது ஆத்தங்குடிக் கல்லா? அதுல கறுப்புக் கட்டம் இருக்கா?

பள்ளத்தூர்ப் பையன்:

ஆமா ஆச்சி, செவப்பும் மஞ்சளும், ஓரத்துல சுத்தி கறுப்பு. எதுக்குக் கேக்குறீங்க?

கொட்டான்:

அந்தக் கறுப்பு அவுக கண்ணுக்குக் கெணறு தம்பி.

எங்க வீட்டுல ஒண்ணரை வருஷம் இதே கூத்து. அப்பச்சி மதுரையில 40 வருஷம் பாத்திரக்கடை வச்சிருந்தவுக, ஒரு ரூவா கணக்கு பெசகாது, அவுக போயி வளவுல நின்னுக்கிட்டு நடுங்குறாக. நானும் வீம்புன்னுதான் நெனச்சேன். ஒரு நாள் கைத்தடியால அந்தக் கறுப்புக் கல்லத் தட்டித் தட்டிப் பாத்தாக, ஆழம் பாக்குற மாதிரி. அன்னிக்குத்தான் எனக்கு ஒறைச்சுச்சு. கண்ணு டாக்டர்கிட்ட காட்டுனா கண்ணு நல்லாத்தான் இருக்குங்குறாக, மூளைதான் பாக்குறதத் தப்பா எடுத்துக்குதாம், கறுப்பு பள்ளமா தெரியும், பளபளன்னு இருக்குற தரை தண்ணியா தெரியும். நம்ம வீடுகள்ல ரெண்டும் இருக்கு. முட்டை வெள்ளக்கரு பூசி கண்ணாடி மாதிரி சொவரு, தேச்சுத் தேச்சு முகம் தெரியுற தரை, பாட்டன் பூட்டன் பெருமைக்குக் கட்டுனது, இந்த நோவு வந்தவுகளுக்கு அது காடு. நெலைப்படி வேற முழங்கால் ஒசரம்.

நான் செஞ்சது இதுதான். படுக்குற எடத்துலேருந்து பாத்ரூம் வரைக்கும் ஒரே கலருல வெளிர் பாயி விரிச்சேன், பூப் போட்டது கூடாது. பாத்ரூம் கதவ எப்பவும் தொறந்தே வச்சு உள்ள லைட்ட அணைக்கவே இல்ல. ராத்திரிக்கு கட்டிலுக்குப் பக்கத்துலயே கமோடு நாற்காலி. பெரிய கண்ணாடிய பழைய கண்டாங்கிச் சேலைய வச்சு மூடிட்டேன், அந்தக் கெழவி உங்க ஆத்தாதான், அவுக மனசுல அவுகளுக்கு இப்ப 20 வயசோ 25 வயசோ, கண்ணாடிக்குள்ள நிக்கிறது யாரோ.

வீட்டுக்குப் போறேங்குறதுக்கு வாறேன். நம்ம வீடு இந்தத் தெருவுல வாசல், அடுத்த தெருவுல பின்வாசல். அப்பச்சி காலையில நாலு மணிக்கு "கடை தொறக்கணும்"பாக. மொதல்ல பூட்டு போட்டேன், கதவ இடிச்சு கையக் காயம் பண்ணிக்கிட்டாக, பொது வீடு பாருங்க, பங்காளிக வேற எப்புடி வாசல்ல பூட்டு போடலாம்னு சண்டை. அப்பறம் பூட்டுறத விட்டுட்டு நானும் கூடவே கெளம்பிட்டேன். முகப்பு வழியா எறங்கி, மெதுவா தெருவச் சுத்தி, பேசிக்கிட்டே பின்வாசல் வழியா உள்ள வந்தா "வந்தாச்சா"ன்னு ஒக்காந்துருவாக. ஒரு பழைய பேரேட்டையும் பேனாவையும் முன்னாடி வப்பேன். பத்து மணி வரைக்கும் எழுதுவாக. வரவு பற்று கோடு மட்டும் நேரா இருக்கும், உள்ள இருக்குறது எழுத்தே இல்ல.

உண்மை விளம்பி:

எல்லாம் சரி, ஆனா இது ஏமாத்து வேலைதானே? பெத்தவுகளப் பொய் சொல்லி தெருவச் சுத்த விடுறது எனக்கு ஒப்பல. தப்பா எடுத்துக்காதீங்க.

கொட்டான்:

தப்பா எடுத்துக்கல. நான் "கடைக்குப் போறோம்"னு சொன்னதே இல்ல. "வாங்க அப்பச்சி நடப்போம்"னுதான் சொன்னேன். உண்மையச் சொல்லித்தான் பாருங்களேன், தெனம் சாயங்காலம் ஒருத்தருக்கு இழவு சொல்லிக்கிட்டே இருக்க உங்க மனசு கேக்குமா. சொன்ன சேதி அஞ்சு நிமிஷத்துல மறந்துரும், அழுத அழுகை மட்டும் ராத்திரி பூரா நெஞ்சுல நிக்கும், எதுக்கு அழுறோம்னு தெரியாமலே அழுவாக.

நைட் டூட்டி:

கொட்டான் ஆச்சி சொன்னதுதாண்ணே அந்த நோட்டீஸு, நான் எழுத வேண்டிய பாதிய அவுகளே எழுதிட்டாக.

டாம் கிட்வுட்னு இங்கிலாந்துல பிராட்போர்டு யுனிவர்சிட்டியில ஒருத்தர் இருந்தாரு, 1990-கள்ல இதப் பத்தி நெறைய எழுதுனவரு. அதுவரைக்கும் மூளை கெட்டுப்போச்சு, இனிமே குளிப்பாட்டி சோறு ஊட்டுறதுதான் வேலைன்னு இருந்தாக. இவரு சொன்னது, கெடுதல் எல்லாம் நோயால மட்டும் வர்றதில்ல, நாம நடத்துற விதத்தாலயும் வருதுன்னு. அதுவும் கெட்ட எண்ணத்துல இல்ல, பாசமா இருக்குறவுகளே செய்யுறது. அவுகளப் பக்கத்துல வச்சுக்கிட்டே அவுக இல்லாத மாதிரி "இதுக்கு ஒண்ணும் தெரியல"ன்னு பேசுறது, கொழந்தைகிட்ட மாதிரி கொஞ்சுறது, அவுக வேகத்துக்கு நிக்காம நம்ம அவசரத்துக்கு இழுக்குறது. நீங்க வளவுல கையப் புடிச்சு இழுத்தீங்க பாருங்க, அது. நானும் செஞ்சிருக்கேன், ஒரே ஆளா 14 பேஷன்டுன்னா யாரும் செய்வாக.

மனுசனுக்கு எப்பவும் வேணும்னு அவரு சொன்னது ஆறுதல், ஒட்டி நிக்க ஒரு ஆளு, நாலு பேரோட சேத்தி, கைக்கு ஒரு வேலை, நான் இன்னாருங்குற நெனப்பு, இதுக்கெல்லாம் நடுவுல அன்பு. ஒரு பூ மாதிரி படம் போட்டிருப்பாக. 24 மணி நேரமும் பாத்துக்குறது மையம் இல்லண்ணே, நோவுக்குள்ள இருக்குறது யாருன்னு தெரிஞ்சு பாக்குறது. "வீட்டுக்குப் போகணும்"னா அட்ரஸ் கேக்கல, பயமா இருக்கு, பத்திரமான எடம் வேணும்னு சொல்றாக. அதுக்குத்தான் பதில் சொல்லணும். உங்க வீட்டுல யாரெல்லாம் இருக்காகன்னு கேட்டுப் பாருங்க, கொத்தமங்கலம் வீட்டப் பத்திப் பேச விடுங்க. புது விஷயம் பதியுற எடம்தான் மூளையில மொதல்ல அடி வாங்குது, சின்ன வயசுச் சங்கதி ரொம்ப நாள் நிக்கும். கைப்பழக்கம் அதையும் தாண்டி நிக்கும். ஓலைக் கூடை, அதான் கொட்டான், பின்னுவாகளா, கோலம் போடுவாகளா, வெத்தலை மடிப்பாகளா?

அஞ்சு மணிக்கு முந்தியே லைட்ட எல்லாம் போட்டுருங்க. வளவுல நெழல் விழுகுற நேரம் அது, அந்த இருட்டு ஆரம்பிக்கும்போதுதான் பதட்டம் கூடும். நாலரைக்கு காப்பி, பலகாரம் ஏதாச்சும். பகல்ல ரொம்ப தூங்க விடாதீங்க. பாயி விரிச்சா வழுக்காம பாத்துக்கங்க, இந்த வயசுல இடுப்பெலும்பு ஒடஞ்சா கதை முடிஞ்சுரும்.

ஒத்தையில ஒரு ஊரு:

நான் எங்க அப்பச்சிய ஹோம்ல விட்டவன். பேரு போட்டு எழுத தைரியம் இல்ல. ரெண்டு வருஷம் வீட்டுல வச்சுப் பாத்தேன், எனக்கு பி.பி. வந்து, மயங்கி விழுந்து, அடுப்புல கேஸ் தொறந்து கெடந்த அன்னிக்கு முடிவு பண்ணேன். ஊர்ல எல்லாரும் கேட்டாக, வந்து ஒரு ராத்திரி முழிச்சிருக்கேன்னு எவனும் சொல்லல.

உங்களுக்கு நடைமுறையா ரெண்டு சொல்றேன். ஆத்தா கையெழுத்து புரிஞ்சு போடுற நெலமையில இருக்கும்போதே பேங்க், லாக்கர், நாமினி, உயில் எல்லாம் உங்க ஆச்சியையும் பக்கத்துல வச்சுக்கிட்டு முடிச்சுருங்க, பொது வீட்டுப் பங்கு கண்டிப்பா. நாங்க விட்டுட்டு இன்னும் அலையுறோம். ரெண்டாவது, 14567-னு முதியோர் உதவி எண் இருக்கு, காசு கெடையாது. சென்னையில ஸ்கார்ப்ங்குற மனநல அமைப்புலயும், ஏ.ஆர்.டி.எஸ்.ஐ.ங்குற மறதி நோய்ச் சங்கத்தோட கிளையிலயும் வீட்டுல பாக்குறவுகளுக்கு ஆலோசனை குடுக்குறாக. மாசம் ரெண்டு நாளாச்சும் உங்க ஆச்சிகிட்ட பொறுப்ப விட்டுட்டு சென்னைக்குப் போயி உங்க பிள்ளைக கூட இருங்க.

பள்ளத்தூர்ப் பையன்:

மூணு வாரம் கழிச்சு எழுதுறேன், எல்லாருக்கும் நன்றி சொல்லணும்.

மொதல்ல அந்த அக்கா வீட்டுக்குப் போனேன். அது என்னையப் பேசவே விடல, "எனக்குத் தெரியாதா தம்பி"ன்னு சொல்லிட்டு காப்பித் தண்ணி போட்டுச்சு. இப்ப காலையில ரெண்டு மணி நேரம் வருது. ஆத்தாவுக்கு அது யாருன்னு தெரியல, ஆனா அது வந்தா முகம் தெளியுது.

கறுப்புக் கல்லு விஷயம் நூத்துக்கு நூறு. வெளிர் பாயி போட்ட மறுநாளே வளவத் தாண்டிட்டாக. நான் அங்கயே தூணப் புடிச்சுக்கிட்டு அழுதுட்டேன், கத்துன அன்னிக்கு அவுக என்ன பாத்துருப்பாகன்னு நெனச்சு.

எங்க ஆச்சி வந்து அஞ்சு நாள் இருந்தாக. மூணாவது சாயங்காலம் ஆத்தா அவுகளப் பாத்து "நீங்க யாரு வீட்டுப் பொண்ணு"ன்னு கேட்டுட்டாக. அதுக்கப்பறம் போன்ல எனக்கு புத்தி சொல்றது நின்னுருச்சு, மாசம் ஒரு வாரம் வாறேன்னு சொல்லிருக்காக.

தெருவச் சுத்துறது மொத நாள் பலிக்கல. பின்வாசல்ல நின்னுக்கிட்டு "எங்க வீட்டுல இந்த வேப்பமரம் கெடையாது"ன்னு உள்ள வர மாட்டேன்னுட்டாக, ஞாபகம் தேவையில்லாத எடத்துல நல்லா வேலை செய்யுது. ரெண்டாம் ரவுண்டு போயி வந்தப்பறம் கால் வலிச்சு உள்ள வந்தாக. இப்ப பழகிருச்சு. நேத்து போற வழி பூரா கொத்தமங்கலம் வீட்டுல அவுக அப்பத்தா பனை ஓலைய எப்படிக் கிழிப்பாகன்னு சொல்லிக்கிட்டே வந்தாக, எனக்கு இதுவரைக்கும் தெரியாத கதை. ஓலை வாங்கி வச்சிருக்கேன், அடி போடத் தெரியுது, மேல ஏத்தத் தெரியல, அவுத்து அவுத்து அடியவே போடுறாக.

உள்ள வந்து அடுப்படி நடையில ஒக்காந்தாக. காப்பி குடுத்தேன். ரெண்டு வாய் குடிச்சுட்டு என்னைய ஏற எறங்கப் பாத்தாக. "இருட்டப் போகுது, நீங்க ஒங்க வீட்டுக்குப் போகலையா தம்பி, ஒங்க ஆத்தா தேட மாட்டாகளா?"ன்னாக. தேடுவாக, இந்தா காப்பி குடிச்சுட்டுக் கெளம்பிருவேன்னு சொன்னேன். அவுக டம்ளர்லேருந்து பாதிய என் வட்டாவுல ஊத்துனாக.

அந்தப் பாயி நுனி சுருண்டுக்குது, அடியில போடுற வழுக்காத ரப்பர் ஷீட்டு காரைக்குடியில எங்க கெடைக்கும்னு யாருக்காச்சும் தெரியுமா? 30 அடி வேணும்.